எசெக்ஸ் கரையில் ஒரு செடி, ஒரு அந்துப்பூச்சி

ஃபிஷர் கழிமுக அந்துப்பூச்சி பிரிட்டனில் இரண்டே இடங்களில் வாழ்கிறது. ஒன்று, எசெக்ஸ் மாவட்டத்தின் வடகிழக்குக் கடலோரம். முக்கியமாக ஹாம்ஃபோர்ட் வாட்டர் என்னும் உப்பங்கழிப் பகுதி. மற்றொன்று கென்ட் மாவட்டத்தின் வடகரை. எசெக்ஸில் 1968-இல் முதன்முதலாக இதைக் கண்ட ஃபிஷரின் பெயரே பூச்சிக்கு நிலைத்தது. கென்டில் இது இருப்பது 2000-க்குப் பிறகுதான் தெரியவந்தது.

இவ்வளவு சுருங்கிய எல்லைக்குக் காரணம் உணவு. இதன் புழு ஹாக்ஸ் ஃபென்னல் என்னும் செடியை மட்டுமே தின்னும். கொத்தமல்லி, சோம்பு குடும்பத்தைச் சேர்ந்த, மஞ்சள் பூப்பூக்கும் அந்த உயரமான செடியும் பிரிட்டனில் பெரும்பாலும் இவ்விரு கரைகளில்தான் வளர்கிறது.

அந்துப்பூச்சி செப்டம்பர், அக்டோபர் இரவுகளில் பறக்கும். ஆனால் முட்டையிடுவது அந்தச் செடியில் அல்ல. அருகே வளர்ந்த முரட்டுப் புல்லின் இலையுறைகளுக்குள். முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடக்கும். வசந்தத்தில் பொரியும் புழு தண்டைத் துளைத்து நுழைந்து, மெல்ல வேருக்கு இறங்கும். ஆக, செடியை மட்டும் காத்துப் பயனில்லை. சுற்றியுள்ள புல்லைக் குளிர்காலத்தில் ஒட்ட வெட்டினால் முட்டைகளும் அதோடு போய்விடும். ஒரே ஆண்டில் முழு இடத்தையும் வெட்டாமல், பகுதி பகுதியாக மாற்றி வெட்டச் சொல்வது இதனால்தான்.

கணக்கெடுப்போர் பெரும்பாலும் பூச்சியைத் தேடுவதில்லை. கோடைக் கடைசியில் செடியின் அடியில் மரத்தூள் போன்ற புழு எச்சம் குவிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். இரவில் விளக்கு வைத்துப் பூச்சி பிடிப்பதைவிட இது எளிது.

எசெக்ஸ் கூட்டத்தின் பெரும்பகுதி தாழ்வான கரைகளிலும் கடல் தடுப்புச் சுவர்களை ஒட்டியும் இருக்கிறது. தென்கிழக்கு இங்கிலாந்தில் நிலம் மெல்லத் தாழ்கிறது, கடல்மட்டமோ உயர்கிறது. பெருவெள்ளம் ஒன்று உட்புகுந்தால் பல கூட்டங்கள் ஒரே நேரத்தில் அழியலாம். அதனால் உள்நாட்டில் மேட்டு நிலங்களில், விவசாயிகளின் ஒப்புதலோடு, ஹாக்ஸ் ஃபென்னலை நட்டுப் புதிய வாழிடங்கள் உருவாக்கினார்கள். கொல்செஸ்டர் விலங்குக் காட்சிச்சாலை இந்தப் பூச்சியை வளர்த்துப் பெருக்கியது. நட்ட உடனே பூச்சியை விட்டுவிட முடியாது. செடி மெதுவாக வளர்வது, புழுவைத் தாங்கும் அளவுக்கு வேர் பருக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும்.