பேராதனை அரங்கில் மட்டக்களப்புக் கூத்து

தமிழை முத்தமிழ் என வழங்குதல் நெடுங்கால மரபு. எனினும் நம் பல்கலைக்கழகங்களில் இயற்றமிழ் பெற்ற இடத்தை இசையும் நாடகமும் பெற்றில. நாடகம் பாடநூலாக இருந்தது. அரங்கிற் காணும் பொருளாக இருந்தது அரிது. ஊர்ப்புறக் கூத்தோ பாடநூலாகவும் இடம் பெறவில்லை. இந்நிலைக்குச் சிறந்ததொரு விலக்காக அமைந்தது, 1962 ஆம் ஆண்டு முதல் 1967 ஆம் ஆண்டுவரை இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்தில் நிகழ்ந்த கூத்து முயற்சியாகும். அவ்வாண்டுகளில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்னும் நான்கு கூத்துகள் மாணவரால் ஆடப்பெற்றன. அவற்றின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, ஊரார் கலையொன்று கற்றோர் அரங்கேறுங்கால் அது பெறுவதும் இழப்பதும் யாவை என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் இட்ட அடித்தளம்

இம்முயற்சி திடீரென முளைத்ததன்று. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் நிறுவப்பெற்றது. மறு ஆண்டில் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் விபுலாநந்த அடிகள். அவர் 1926 இலேயே மதங்க சூளாமணி என்னும் நாடக ஆராய்ச்சி நூலை வெளியிட்டவர். வடமொழி நாடக இலக்கணத்தையும் சேக்சுபியரின் நாடகங்களையும் தமிழ்க் கூத்து மரபினையும் ஒருங்கு வைத்து நோக்கிய நூல் அது. பின்னர் 1947 இல் யாழ்நூல் வெளிவந்தது. ஆகவே, இசையும் நாடகமும் தமிழ்த்துறைக்கு உரிய பொருள்களே என்னும் கருத்துத் துறையின் தொடக்கத்திலேயே நிலைபெற்றிருந்தது எனலாம்.

அடிகளுக்குப் பின் பேராசிரியரான க. கணபதிப்பிள்ளை மாணவர் நடித்தற்கென நாடகங்கள் எழுதினார். அவருடைய நானாடகம் என்னும் தொகுதி 1940 இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தார் வீட்டிலும் தெருவிலும் பேசும் மொழியை அவர் மேடையில் ஏற்றினார். செந்தமிழே மேடைக்குரியது என்றிருந்த எண்ணத்தை அது தளர்த்தியது. அடிகள் ஆராய்ச்சியால் வழி காட்டினார். கணபதிப்பிள்ளை எழுத்தாலும் நடிப்பாலும் அவ்வழியிற் சென்றார். ஆயினும் ஊர்க் களரியில் விடியுமட்டும் ஆடப்பெற்ற கூத்து அப்பொழுதும் பல்கலைக்கழகத்தின் புறத்தேயே நின்றது.

சிங்கள அரங்கு காட்டிய வழி

அதனை உள்ளே அழைத்தற்குரிய தூண்டுதல் அண்டை மொழியிலிருந்து வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த எதிரிவீர சரச்சந்திர, சிங்களக் கிராமிய நாடகங்களை ஆராய்ந்தவர். சப்பானிய நாடக மரபுகளை நேரிற் கண்டவர். அவர் ஆக்கிய மனமே என்னும் நாடகம் 1956 நவம்பர் 3 ஆம் நாள் கொழும்பில் அரங்கேறியது. அதில் நடித்தவர் பல்கலைக்கழக மாணவ மாணவியர். அதன் வடிவமோ ‘நாடகம’ எனச் சிங்களர் வழங்கும் கிராமியக் கூத்து வடிவம். 1961 இல் சிங்கபாகு வந்தது. பேராதனையின் மலைச்சரிவில் அமைந்த திறந்தவெளி அரங்கு இன்று சரச்சந்திரவின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ‘நாடகம’ என்னும் பெயரே அதன் தோற்றத்தை அறிவிக்கும். அவ்வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து சிங்களர்பாற் சென்றது என்பது அறிஞர் ஒப்ப முடிந்த கருத்து. சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியதும் அதே 1956 ஆம் ஆண்டிலேயாம். அரசியல் இரு மொழியாளரையும் பிரித்துவைத்த அவ்வாண்டில், சிங்கள நாடகத்தின் மறுமலர்ச்சி தமிழ்க் கூத்தின் வழிவந்த வடிவமொன்றை ஆதாரமாகக் கொண்டு எழுந்தது. பிறர் தம் அரங்கிற் போற்றிய பொருளின் மூலம் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பாமரர் ஆட்டம் எனப் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது. இம்முரண்பாட்டை நன்குணர்ந்தவர் சு. வித்தியானந்தன்.

களரியில் கூத்து

வித்தியானந்தன் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையினர். பேராதனைத் தமிழ்த்துறை ஆசிரியர். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவர் ஊர்தோறும் சென்று கூத்துகளைக் கண்டார்; ஏட்டுப் பிரதிகளைப் பெற்றுப் பதிப்பித்தார். அலங்கார ரூபன் நாடகம் 1962 இலும், மூவிராசர் நாடகம் 1966 இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. பதிப்போடு அமையாது, கூத்தினை மாணவர்க்குப் பயிற்றி ஆடச் செய்தமையே அவர்தம் தனிச்சிறப்பு.

அவர் செய்த மாற்றங்களை அறிதற்கு முதற்கண் மட்டக்களப்புக் கூத்தின் இயல்பை அறிதல் வேண்டும். அது வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளைக் கொள்வது. வீறும் விரைவும் மிக்க ஆட்டத்தை உடையது. தென்மோடியில் ஆட்ட நுணுக்கமும் இசையின் இழைவும் மிகும். இரண்டிற்கும் தலைவர் அண்ணாவியார். அவரே ஆட்டம் பழக்குபவர், மத்தளம் முழக்குபவர், பாட்டை எடுத்துக்கொடுப்பவர். ஊரார் கூடி இன்னார்க்கு இன்ன வேடம் எனத் தெரிந்து ‘சட்டம் கொடுத்தல்’ முதற்படி. பல மாதப் பயிற்சியின்பின் ‘சதங்கை அணிதல்’ ஒரு விழாவாக நிகழும். இறுதியில் அரங்கேற்றம். பழகுவோர் உழவரும் மீனவரும் பிற தொழிலாளரும் ஆவர். ஆகவே கூத்து ஓரிரவு நிகழ்ச்சி மாத்திரமன்று. ஓர் ஊர் தன்னை ஒருங்கு சேர்த்துக்கொள்ளும் பல மாதச் செயலாகும்.

ஆடுமிடம் வட்டக்களரி. நடுவில் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். காண்போர் நாற்புறமும் சூழ்ந்திருப்பர். ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய தாளக்கட்டுக்கு ஆடியவாறு களரி புகுதல் ‘வரவு’ எனப்படும். கதை முடியும்போது பொழுது புலர்ந்திருக்கும்.

நான்கு கூத்துகளும் நால்வகை மாற்றங்களும்

1962 இல் வடமோடியில் கர்ணன் போர் மேடையேறியது. 1963 இல் தென்மோடியில் நொண்டி நாடகம் வந்தது. இராவணேசன் 1964 இலும் வாலிவதை 1967 இலும் தொடர்ந்தன. முதலிரண்டும் பழைய கூத்துகளைச் சுருக்கிச் செப்பஞ்செய்தவை. இராவணேசனோ அவ்வாறன்றி, இராவணனை வீழ்ச்சியுறும் பெருவீரனாக வைத்து அவன் உள்ளப் போராட்டத்தைக் காட்டும் புத்தாக்கம். இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பிலிருந்து வந்து பயின்ற மாணவர் சி. மௌனகுரு. சுருக்கத்தினின்று ஆக்கத்திற்கு ஓரிரண்டு ஆண்டிற்குள் சென்றமை இம்முயற்சியின் வளர்ச்சியைக் காட்டும்.

இவற்றில் நிகழ்ந்த மாற்றங்களை நான்காக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, காலம். ஓரிரவு முழுதும் நீண்டது சில மணி நேரத்துள் அடங்கியது. திரும்பத் திரும்ப வந்த பாடல்கள் நீக்கப்பெற்றன, வரவுகள் குறுகின.

இரண்டாவது, களம். நாற்புறமும் நோக்கிய ஆட்டம் ஒருமுகமாகத் திரும்பியது. வட்டம் சட்டமிட்ட மேடையாயிற்று.

மூன்றாவது, நடிப்பு. ஆட்டமும் பாட்டும் முதன்மை பெற்ற கலையில், மெய்ப்பாடு முதன்மை பெற்றது. ஆட்டம் உணர்ச்சியைப் புலப்படுத்தும் கருவியாயிற்று.

நான்காவது, ஆடுவோர். ஊராரின் இடத்தில் மாணவர் நின்றனர். ஊரில் ஆடவரே பூண்ட பெண்வேடத்தைப் பல்கலைக்கழக அரங்கில் மாணவியர் ஏற்றனர்.

மாற்றம் சிதைவாகுமா?

கூத்தின் உயிர் அதன் நீளத்திலும் வட்டத்திலுமே உள்ளது. அவற்றைக் களைதல் உயிரைக் களைதல் என்பார் உளர். சட்டமிட்ட மேடை மேலைநாட்டுச் சரக்கு என்பதும் அவர்தம் வாதம். இவ்வாதத்தின் பிற்பகுதி ஆராய்ச்சிக்கு நில்லாது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதோர் அரங்கைக் கூறும். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளையும் அது குறிக்கும். நீளமும் அகலமும் அளந்து, உயர்த்திக் கட்டி, திரையிட்ட அரங்கு தமிழர்க்குப் புதிதன்று. பண்டைத் தமிழகத்தில் அளந்தமைத்த அரங்கும், ஊரார் கூடும் களரியும் அருகருகே வழங்கின எனக் கொள்ளுதல் தகும். ஆதலின், வடிவம் மேடையேறியமையாலேயே அது தமிழியல்பு இழந்தது என்றல் பொருந்தாது.

வாதத்தின் முற்பகுதியோ எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. களரியின் நடுவில் நின்ற அண்ணாவியார் மேடையின் ஒரு பக்கத்தே அமர்ந்தார். இஃது இடமாற்றம் மாத்திரமன்று. நடுவிடத்தில் நின்றவர் கூத்தரின் ஆசிரியராகவும் ஆட்டத்தின் ஆணையாளராகவும் விளங்கினார். பக்கத்தே அமர்ந்தவர் பின்னணி இசைஞராகக் காணப்பட்டார். அவர் இருந்த நடுவிடத்தை நெறியாளர் என்னும் புதியவர் கண்ணுக்குப் புலனாகாமற் பெற்றுக்கொண்டார். ஏட்டைச் சுருக்குவது, வரவைக் குறைப்பது, எவ்வுணர்ச்சி மேலோங்குவது என்னும் தீர்ப்புகள் அனைத்தும் கற்றோர் கைக்குச் சென்றன. இவ்விழப்பை மறைத்துப் பேசுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று.

ஆயின் எதிர்ப்புறத்தையும் நோக்கவேண்டும். அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்திற்கு அழைத்து, பட்டம் பெறவிருந்த மாணவரை அவர்முன் மாணவராக நிறுத்தியதும் இம்முயற்சியே. எழுத்தறிவைக் கொண்டே அறிவை அளந்த நிறுவனத்தில், உடலாலும் தாளத்தாலும் அறியும் அறிவு ஓரிடம் பெற்றது. யாழ்ப்பாணத்தார் மட்டக்களப்பைத் தம்மிற் குறைந்ததாகக் கருதிய காலத்தில், யாழ்ப்பாணத்து ஆசிரியரொருவர் மட்டக்களப்பின் கலையைத் தமிழர் யாவர்க்கும் பொதுவான செல்வமாக முன்வைத்தார். இவை சிறு பயன்கள் அல்ல.

பின்விளைவுகள்

விதை நல்லதா என்பதை விளைவு காட்டும். பேராதனையிற் கூத்துப் பயின்ற மௌனகுரு 1969 இல் சங்காரம் என்னும் நாடகத்தை மேடையேற்றினார். வடமோடி ஆட்டத்தில் அரக்கரும் அரசரும் போரிட்ட இடத்தில், சாதிக்கொடுமையும் வர்க்க வேறுபாடும் போர்ப்பொருளாயின. அரசர் கதைக்கே உரியதென எண்ணப்பட்ட ஆட்டம் சமகாலச் சிக்கலைத் தாங்கவல்லது என அது நிறுவியது. பேராதனையின் சுருக்கமும் செப்பமும் இல்லாதிருப்பின் இம்மாற்றம் எளிதாகியிராது.

மட்டக்களப்பின் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றபின் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. கூத்து பல்கலைக்கழகத்தைத் தேடிச் சென்ற நிலை மாறி, பல்கலைக்கழகம் கூத்து வழங்கும் நிலத்திற்கே வந்தது. அங்கு மௌனகுரு நுண்கலைத்துறையை வளர்த்தார். இராவணேசன் புத்துருவில் மீண்டும் ஆடப்பெற்றது. சி. ஜெயசங்கர் முதலியோர் பிறிதொரு நெறியை முன்வைத்தனர். கூத்தை மேடைக்குக் கொணர்வதை விடுத்து, சீலாமுனை முதலிய ஊர்களிலேயே ஊராரோடு இருந்து, கதைப்பொருளை அவர்களோடு வாதித்து, களரியிலேயே ஆடச்செய்யும் கூத்து மீளுருவாக்கம் என்பது அந்நெறி. பேராதனை இழந்த நடுவிடத்தை மீட்கும் முயற்சியென அதனைக் கருதலாம். ஒரு நெறி மற்றதனை மறுப்பது போலத் தோன்றினும், முன்னது எழுப்பிய வினாவிற்குப் பின்னது விடை தேடுகின்றது என்பதே உண்மை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, பேராதனைக் கூத்துகள் ஒருவரின் திடீர் முயற்சியன்று. அடிகள் தொட்டு வந்த துறை மரபும் சிங்கள அரங்கின் தூண்டுதலும் ஊர் அண்ணாவிமாரின் அறிவும் கூடிய பயன். இரண்டு, காலமும் களமும் மாறியமை தன்னளவில் சிதைவாகாது; தீர்ப்புரிமை யார் கையில் உள்ளது என்பதே சிதைவையும் வளர்ச்சியையும் பிரித்துக்காட்டும் அளவுகோல். மூன்று, கூத்தைப் பற்றிய ஆராய்ச்சி ஏட்டோடு நில்லாது ஆட்டத்தையும் பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.

இன்று நம் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுதோறும் கலைவிழாக்கள் நிகழ்கின்றன. கூத்தும் கும்மியும் ஒயிலும் சிலமணி நேரம் ஆடப்பெற்றுக் கைதட்டலோடு முடிகின்றன. ஆடப்பெற்ற கலை எவ்வூரது, அதைப் பயிற்றியவர் யார், சுருக்கியபோது விடுபட்டவை எவை என எழுதிவைப்பார் அரியர். விழா முடிந்தபின் அண்ணாவியாருக்கும் வாத்தியாருக்கும் பொன்னாடை கிட்டுகின்றது. பாடத்திட்டம் வகுக்கும் அவையில் இருக்கை கிட்டுவதில்லை. பேராதனையின் ஐந்தாண்டு வரலாறு நமக்கு ஒரு முன்மாதிரியையும் ஓர் எச்சரிக்கையையும் ஒருங்கே தருகின்றது. கலையை அழைத்துவரும் துறை, அக்கலையை உடையாரையும் ஆசிரியராக அழைத்துவருதல் வேண்டும். அவ்வாறு அழைக்கும் நாளிலேதான் முத்தமிழ் என்னும் சொல் நம் துறைகளில் முழுப்பொருள் பெறும்.