பொந்துக்குள் தேரை

இங்கிலாந்தில் வீடுகளில் சமைக்கும் ஓர் உணவின் பெயர் இது! முகம் சுளிக்க வேண்டாம். மாவிலிருந்து தலை நீட்டும் சாசேஜ் என்னும் இறைச்சிக் குழல்தான் அந்தத் தேரை.

மைதா, முட்டை, பால் ஆகியவற்றை நீர்க்கக் கரைக்கிறார்கள். ஈஸ்ட்டோ சோடா உப்போ சேர்ப்பதில்லை. ஆயினும் ஓவனில் வைத்த அரை மணியில் மாவு பொங்கி எழுகிறது. எப்படி?

எல்லாம் நீராவியின் வேலை. 1 கன செ.மீ. நீர் 100° செ. வெப்பநிலையில் ஆவியானால் ஏறத்தாழ 1,670 கன செ.மீ. இடத்தை அடைக்கும். சாசேஜ் வெந்துகொண்டிருக்கும் தட்டில் கொழுப்பை 220° செ. அளவுக்குக் காய்ச்சி, அதன்மேல் மாவை ஊற்றுகிறார்கள். அடியும் ஓரமும் உடனே இறுகுகின்றன. நடுவில் உண்டாகும் ஆவி, இன்னும் இளகியிருக்கும் மாவை ரப்பர் பலூனைப்போல் உப்பச் செய்கிறது. கோதுமையின் குளூட்டன் இழுபட்டுக் கொடுக்கிறது. முட்டைப் புரதம் பிறகு கெட்டிப்பட்டு அந்த வடிவைத் தாங்குகிறது.

இடையில் ஓவன் கதவைத் திறந்தால்? குளிர்காற்று பட்டு ஆவி நீராகச் சுருங்கும்; சுவர் இறுகுமுன் மாவு அமுங்கிவிடும். கொழுப்பு ஆறியிருந்தாலும் சொதசொதவென்று களிதான்!

இதே மாவில் சாசேஜ் இல்லாமல் செய்வது யார்க்‌ஷயர் புட்டிங். அது 4 அங்குல உயரமாவது எழவேண்டும் என்று 2008இல் பிரிட்டனின் வேதியியல் கழகமான ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அறிவித்தது. உண்மையில் அது எங்கள் இயற்பியல் துறையின் வேலை!