பால்மரம் பிடித்த கரிமம் எங்கே போகிறது?

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு பழைய ரப்பர் மரத்துக்கு வேலி போட்டுப் பாதுகாத்து வருகிறார்கள். 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த கன்றுகளில் ஒன்பதை, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ இந்த ஊரில் நட்டார். அவற்றில் மிஞ்சியது இது என்கிறார்கள். நம் பாட்டன் பாட்டிமார் இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போன தோட்டங்களுக்கெல்லாம் இதுதான் மூத்தது. பருவநிலை மாற்றத்தை விளங்கிக்கொள்ளவும் இந்த மரத்திலிருந்தே தொடங்கலாம்.

இலை காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுக்கிறது. அதிலிருக்கும் கரிமத்தை மரம் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. நன்றாகக் காய்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம்தான். மங்கில் வடியும் பாலிலும் அது உண்டு.

சேர்த்ததை எத்தனை காலம் வைத்திருக்கும்? தோட்டத்து மரத்தை 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய கட்டையை அடுப்பில் வைத்தால் அத்தனை கரிமமும் உடனே காற்றுக்குத் திரும்பிவிடும். மேசை நாற்காலியானால் இன்னும் பல ஆண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்கும். ஒரு காலத்தில் விறகாகப் போன ரப்பர் கட்டை, இன்று மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மூலப்பொருள். நல்ல மாற்றம் இது.

ஆனால் காட்டை அழித்துத் தோட்டம் போட்டால் நட்டம்தான். காடு பிடித்துவைத்திருக்கும் அளவு கரிமத்தைத் தோட்டம் பிடிக்காது. பேராக் ஆற்றின் மேல்பகுதியிலுள்ள ராயல் பெலூம் காட்டை 2007இல் மாநிலப் பூங்காவாக்கியது அதனால்தான் பெரிய காரியம்.

இப்போது பழைய ரப்பர் தோட்டங்கள் பலவும் செம்பனையாகிவிட்டன. அங்கே பலரும் கவனிக்காத இடம் எண்ணெய் ஆலைக்குப் பின்னாலுள்ள கழிவுநீர்க் குளம். பழக்குலையை நீராவியில் வேகவைத்து எண்ணெய் பிழிந்த பிறகு, பழுப்பு நிறக் கழிவுநீர் சூடாக அந்தக் குளங்களுக்குப் போகிறது. அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் குமிழியிட்டு வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட அது புவியை ஏறத்தாழ 28 மடங்கு சூடாக்கும். குளத்தின்மேல் தடித்த விரிப்பைப் போர்த்தி அந்த வாயுவைப் பிடித்தால், அதை எரித்து மின்சாரம் எடுக்கலாம். எரித்தபின் வெளிவருவது கரியமில வாயு. மீத்தேனோடு ஒப்பிட்டால் கேடு மிகக் குறைவு. சில ஆலைகள் இதைச் செய்கின்றன. எல்லா ஆலையும் செய்ய வேண்டும்.

2050க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்குவதாக மலேசியா சொல்லியிருக்கிறது. அதற்கு இந்தக் குளங்களையும் மூடியாக வேண்டும். ஆலைக் குளங்களின் நாற்றத்தைத் தோட்டப்புறத்தில் குடியிருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். பக்கத்து ஆலையில் குளத்தை எப்போது மூடப்போகிறார்கள் என்று கேட்கும் உரிமை முதலில் அவர்களுக்குத்தான் உண்டு.