வந்தவருக்கு எத்தனை நாள் தருவோம்?

2024 ஜனவரி 25. அன்று தைப்பூசம். பத்துமலையில் கூட்டம் இன்னும் கலையவில்லை. காவடி பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் இரவு ஏழரை மணிக்கு மேல் கைப்பேசியைக் குனிந்து பார்த்தபடியே நடந்தார்கள். காரணம் கத்தாரில் இருந்தது. ஆசியக் கிண்ணத்தில் நம் தேசிய அணியின் கடைசி ஆட்டம் அன்றுதான். உலகத் தரவரிசையில் 130-ஆவது இடத்தில் இருந்த மலேசியா, 23-ஆவது இடத்தில் இருந்த தென்கொரியாவை எதிர்கொண்டது. 105-ஆவது நிமிடத்தில் ரோமெல் மொராலெஸ் அடித்த கோலில் ஆட்டம் 3-3 எனச் சமநிலையில் முடிந்தது. பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் எழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆட்டத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. மலேசிய அணியின் பயிற்றுநர் கிம் பான் கோன் ஒரு கொரியர். கொரிய அணியின் பயிற்றுநர் யூர்கன் கிளின்ஸ்மன் ஒரு ஜெர்மானியர். இருவருமே தங்களுக்கு அந்நியமான ஒரு நாட்டின் கொடிக்காகத் திடலோரம் நின்றார்கள். கிளின்ஸ்மன் மூன்று வாரத்தில் நீக்கப்பட்டார். கிம் அடுத்த ஆறு மாதத்திற்குள் நம்மை விட்டுப் போனார்.

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவள். தேசிய அணி தோற்ற மறுநாள் தொலைபேசி இணைப்புகள் எப்படி நிரம்பும் என்பது எங்களுக்கு அத்துபடி. அந்த ஆசியக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜோர்டானிடம் 0-4 எனத் தோற்றோம். மறுநாள் அழைத்த நேயர்களில் பலர் கிம்மை அடுத்த விமானத்திலேயே ஏற்றி அனுப்பச் சொன்னார்கள். பத்தே நாள் கழித்து, அதே நேரத்தில் அழைத்த ஒருவர் “அவருக்கு டத்தோ பட்டம் கொடுக்கணும்மா” என்றார். குரல் எனக்குப் பழக்கமானது. முந்தைய வாரம் விமானச் சீட்டு போட்டவர்களில் அவரும் ஒருவர்!

இதற்கிடையே, நம்மை 4-0 என அடித்த அந்த ஜோர்டான் இறுதியாட்டம் வரை போனது. அரையிறுதியில் கிளின்ஸ்மனின் கொரியாவை 2-0 என வீழ்த்தியதும் அதே அணிதான். நம் தோல்வி அவ்வளவு கேவலமானது அல்ல என்பது தெரிய மூன்று வாரம் ஆனது. காலை நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் காத்திருக்கும் வழக்கம் இல்லை.

கிம் பான் கோனை இந்தக் கட்டுரைக்கு நடுவில் வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மலேசியாவுக்கு வருமுன் அவர் கொரியக் காற்பந்துச் சங்கத்தில் தேசியப் பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் தலைவராக இருந்தவர். 2018-இல் போர்த்துகலின் பாவ்லோ பென்டோவைக் கொரிய அணிக்குக் கொண்டுவந்தது அவர் தலைமையிலான குழுதான். பென்டோ மீது விமர்சனம் ஓயவே இல்லை. பிடிவாதக்காரர், மாற்றமே செய்யாதவர் என்றார்கள். ஆனாலும் நான்கு ஆண்டு அவரை வைத்திருந்தார்கள். 2022 உலகக் கிண்ணத்தில் கொரியா கடைசி 16-க்குள் நுழைந்தது. ஆக, அந்நியப் பயிற்றுநரை எப்படித் தேர்வு செய்வது, கூச்சல் கிளம்பும்போது எப்படிக் காப்பது என்பதெல்லாம் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த மனிதர் கிம். பிறகு தானே அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

2022 ஜனவரியில் பொறுப்பேற்றார். அதே ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வங்காளதேசத்தை 4-1 என வென்று ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றோம். 2007-இல் ஏற்று நடத்திய நாடுகளில் ஒன்று என்பதால் விளையாடியதை விட்டுவிட்டால், 42 ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

பிறகு 2026 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓமானிடம் இரண்டு ஆட்டத்திலும் 0-2. அடுத்த இரண்டு ஆட்டம் 2024 ஜூனில். அதற்கு ஒரு மாதம் முன், மே 5-ஆம் தேதி, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடியில் ஃபைசால் ஹலிம் மீது யாரோ எரிதிராவகம் வீசினார்கள். கொரியாவுக்கு எதிராக முதல் கோல் அடித்தவர் அவர். நான்காம் நிலைத் தீக்காயம். அதே வாரத்தில் திரெங்கானுவில் அக்யார் ரஷிட்டை வழிப்பறிக்காரர்கள் தாக்கினார்கள். ஜொகூர் பாருவில் சஃபிக் ரஹிமின் கார்க் கண்ணாடி உடைக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் வெளியே போகவே பயந்த அந்தச் சூழலில்தான் கிம் அணியைத் தயார் செய்தார். கிர்கிஸ்தானுடன் 1-1. தைவானை 3-1 என வென்றோம். மொத்தம் 10 புள்ளி. கிர்கிஸ்தானுக்கு 11. ஒரே ஒரு புள்ளியில் அடுத்த சுற்று கைநழுவியது.

ஜூலை 16-ஆம் தேதி “தனிப்பட்ட காரணங்களால்” கிம் விலகினார். அந்த இரண்டு வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று ஊகிக்க நான் முயலவில்லை. ஒரு புள்ளிக்கு ஏங்கி நின்ற அணியின் தலைமை மாறியது என்பது மட்டும் உண்மை.

இனி நம்மவர்கள் கதைக்கு வருவோம். உள்ளூர்ப் பயிற்றுநருக்கு மட்டும் நாம் பொறுமை காட்டினோமா? கோல் ஏறும்போது நாம் எல்லாரையும் ஒரே தராசில்தான் நிறுத்துகிறோம். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபுச் சிற்றரசிடம் சொந்த மண்ணில் 0-5 எனத் தோற்றதும் பி. சத்தியநாதனின் பதவி போனது. டொல்லா சாலே 2015 செப்டம்பரில் அதே நாட்டிடம் அபுதாபியில் 0-10 எனத் தோற்று விலகினார். ஆனால் பேச்சில் ஒரு வித்தியாசம் உண்டு. உள்ளூர்க்காரர் தோற்றால் வீட்டுப் பிள்ளையைத் திட்டுவதுபோல் திட்டுகிறோம். வெளிநாட்டவர் தோற்றால் முதல் கேள்வி, “எவ்வளவு சம்பளம் கொடுக்கிறாங்க?” இரண்டாவது கேள்வி, “நம்ம பசங்களைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?” இந்த இரண்டாவது கேள்வியை அவரை வேலைக்கு எடுக்கும் நாளில் கேட்டிருக்க வேண்டும்.

பசங்களைத் தெரிந்த பயிற்றுநர் என்ன செய்ய முடியும் என்பதற்கு கே. ராஜகோபால்தான் சாட்சி. 2009-இல் வியந்தியானில் சீ விளையாட்டுப் போட்டித் தங்கம், இருபது ஆண்டுக்குப் பிறகு. அந்த இளம் அணியில் இருந்த பலரையே அடுத்த ஆண்டு சுசுகி கிண்ணத்துக்கும் அழைத்துப்போனார். கே. குருசாமி, எஸ். குணாளன் என்று நம் வீட்டுப் பெயர்களும் அந்த அணியில் இருந்தன. ஆனால் அந்தப் போட்டி எப்படித் தொடங்கியது என்பதைப் பலரும் மறந்துவிட்டோம். 2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. இந்தோனேசியாவிடம் 1-5. அன்றிரவே வாக்கெடுப்பு வைத்திருந்தால் ராஜகோபால் வீட்டுக்குப் போயிருப்பார். அதே மாதம் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என வென்றோம். ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 எனக் கிண்ணம் நமக்கு. ஐந்து கோல் அடித்த சஃபி சாலி அந்தப் போட்டியின் முதன்மை கோல் வீரர்.

வெளிநாட்டவரில் நாம் நன்றியோடு நினைக்கும் பெயர் கார்ல் ஹைன்ஸ் வைகாங். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றபோது பயிற்றுநர் இந்த ஜெர்மானியர்தான். மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்திய இரவு அது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததால் நாம் போட்டியைப் புறக்கணித்தோம். மனிதர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. பின்னாளில் திரும்பி வந்து 1998-இல் பேராக்குக்கு மலேசியக் கிண்ணம் வென்று தந்தார். அந்தப் பேராக், 2025-26 சூப்பர் லீக்கில் இல்லை. விலகிக்கொண்டது.

என் வாதமும் இங்கேதான் இருக்கிறது. தேசியப் பயிற்றுநருக்கு ஆண்டில் கிடைப்பது சில வாரம்தான். மற்ற நாளெல்லாம் ஆட்டக்காரர் கிளப்பின் கையில். கிளப்புகள் சம்பளப் பாக்கியில் தவிப்பதும் மூடப்படுவதும் நமக்குப் பழகிப்போன செய்தி. நம் சமூகம் கட்டி எழுப்பிய மீஃபா, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை வந்து, 2022 பருவத்தோடு விலகியது. கே. தேவன், பி. மணியம் போன்ற உள்ளூர்ப் பயிற்றுநர்கள் வேலை செய்த இடம் அது. அடுத்த ராஜகோபால் எங்கே பழகுவார்? ஃபிஃபா ஒதுக்கிய நாள்களுக்கு வெளியே நடக்கும் போட்டிக்கு ஆட்டக்காரரை அனுப்ப வேண்டிய கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை. ஆசியான் கிண்ணம் அப்படிப்பட்ட போட்டி. 2024 டிசம்பரில் கிம்முக்குப் பதிலாக வந்த ஸ்பானியர் பாவ் மார்ட்டி, குழுச் சுற்றிலேயே வெளியேறினார். போர்த்துகலின் நெலோ விங்காடா 2017-இல் ஏழு ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை, அந்த ஆண்டே மூட்டை கட்டினார். இவர்கள் எல்லாரும் மேதைகள் என்று சொல்ல வரவில்லை. விங்காடாவின் அணியைப் பார்க்கவே எனக்கு அலுப்பாக இருந்தது. ஆனால் லீக் கணக்கும் கிளப் கடனும் அவர் மேசையில் இருந்தவை அல்ல.

பீட்டர் கிளமோவ்ஸ்கி விஷயத்தில் இது உச்சத்துக்குப் போனது. ஆஸ்திரேலியரான அவர் 2025-இல் பொறுப்பேற்று, ஜூன் 10-ஆம் தேதி வியட்நாமை 4-0 என வென்றபோது புக்கிட் ஜாலில் அதிர்ந்தது. எல்ஆர்டி-யில் திரும்பிய கூட்டத்தில் அவர் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்களும் அதையே கோஷமாக்கினார்கள். (நானும் இரண்டு முறை ஒத்திகை பார்த்துத்தான் ஒலிபரப்பில் சொல்வேன்.) செப்டம்பரில் ஃபிஃபா, வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் பாட்டன் பாட்டி பிறப்பு ஆவணங்கள் போலியானவை என்று சொல்லி, அவர்களுக்கு ஓராண்டுத் தடையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டையும் நவம்பரில் நிராகரித்தது. வழக்கு விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. செய்தியாளர் கூட்டத்தில் அதிகம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது யார்? பயிற்றுநர்தான். பிறப்புச் சான்றிதழைச் சரிபார்ப்பது உலகில் எந்தப் பயிற்றுநரின் வேலையும் அல்ல.

அக்கம்பக்கத்தைப் பாருங்கள். சிங்கப்பூர் 2003-இல் வந்த ராடி அவ்ரமோவிச்சை 2012 வரை வைத்திருந்தது. மூன்று முறை ஆசியான் கிண்ணம். வியட்நாமில் பார்க் ஹாங் சியோ ஐந்தாண்டு. 2018 இறுதியாட்டத்தில் நம்மை வென்றவர் அவர்தான். அவருக்குப் பின் வந்த பிரெஞ்சுக்காரர் பிலிப் துருசியே, 2024 மார்ச்சில் ஹனோயில் இந்தோனேசியாவிடம் 0-3 எனத் தோற்ற இரவே வெளியேறினார். பெரிய நாடுகளிலும் இதே கதைதான். இங்கிலாந்துக்கு வந்த ஜெர்மானியர் தாமஸ் துக்கல், தேசிய கீதத்தைப் பாடுவாரா மாட்டாரா என்பதே ஒரு விவாதம். அந்த உரிமையை முதலில் சம்பாதிக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். 1930 முதல் 2022 வரை நடந்த 22 உலகக் கிண்ணங்களில் ஒன்றைக்கூட வெளிநாட்டுப் பயிற்றுநர் வென்றதில்லை. உள்ளூர்க்காரர்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது பிடித்த புள்ளிவிவரம். சிங்கப்பூரும் அவர்களுக்கு உதவும். 2025-இல் ஜப்பானியப் பயிற்றுநர் விலகியபின் இடைக்காலமாக வந்த உள்ளூர் இளைஞர் கெவின் லீ, 2027 ஆசியக் கிண்ணத்துக்கு அணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அடுத்து எந்த நாட்டிலிருந்து யார் வந்தாலும், சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி நிகழ்ச்சியில் வரத்தான் செய்யும். வரட்டும், அது மக்கள் பணமும்கூட. அதோடு இன்னும் இரண்டு கேள்வி சேர வேண்டும் என்பது என் ஆசை. ஆண்டுக்கு எத்தனை நாள் பயிற்சி முகாம்? கிளப்புகள் ஆட்டக்காரரை விடுவதாக எழுத்தில் கொடுத்திருக்கின்றனவா? சங்கத்தார் வானொலிக்கு வரும் நாளில் இதைக் கேட்டு வாங்கலாம்.

கிம் பான் கோன் என்ன ஆனார் என்று கிள்ளானிலிருந்து ஒரு நேயர் அண்மையில் கேட்டார். சொந்த நாட்டுக்குப் போய் உல்சான் கிளப்பின் பயிற்றுநரானார். 2024 நவம்பரில் கொரிய லீக் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு ஆட்டம் சரிந்ததும், 2025 ஆகஸ்டில் அவரை அனுப்பிவிட்டார்கள். அந்த நாற்காலிக்கு வந்தவர் இன்னொரு கொரியர், ஷின் தே யோங். இந்தோனேசியாவை ஐந்தாண்டு வளர்த்து உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டம் வரை கொண்டுபோனவர். அந்தக் கட்டம் முடியுமுன்பே, 2025 ஜனவரியில் இந்தோனேசியா அவரை நீக்கி, நெதர்லாந்தின் பாட்ரிக் குளூவர்ட்டை அழைத்தது. உல்சானில் ஷின்னுக்குக் கிடைத்தது இரண்டு மாதம். அக்டோபர் 9-ஆம் தேதி நீக்கப்பட்டார். ஒரு வாரம் கழித்து இந்தோனேசியா குளூவர்ட்டையும் அனுப்பியது.