உங்களுக்குத் தெரியுமா? - முன்பக்கம் ஓர் அங்குலம் இறங்கினால்...

குரூசர் பைக்கின் முன் ஃபோர்க்கை மட்டும் ஓர் அங்குலம் இறக்கினால் சீட் எவ்வளவு இறங்கும்? வெறும் ஏழெட்டு மில்லிமீட்டர்! குரூசரில் நாம் உட்காருவது பின் சக்கரத்தை ஒட்டி. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 1,500 மி.மீ. என்றால், சீட் பின் அச்சிலிருந்து சுமார் 450 மி.மீ. தள்ளித்தான் இருக்கும். முன்னால் 25 மி.மீ. இறங்கினாலும் சீட்டுக்கு வந்து சேர்வது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கால் எட்டவில்லை என்று ஃபோர்க்கைக் கழற்றக் கொடுப்பவர்கள், முதலில் சீட் ஃபோமைக் குறைத்துப் பாருங்கள். செலவும் குறைவு, வண்டியின் குணமும் மாறாது.

★ ஹார்லி டேவிட்சன் ஒரு வண்டிக்கு 'லோ ரைடர்' என்றே பெயர் வைத்தது 1977-இல். நிறுவனர்களில் ஒருவரின் பேரனான வில்லி ஜி. டேவிட்சன் வரைந்த வடிவம் அது. சீட் உயரம் சுமார் 27 அங்குலம்தான். அதற்கு முந்தைய மோகமோ நேர் எதிர்: ஃபோர்க்கை நீட்டி, முன் சக்கரத்தைத் தூரத்தில் தள்ளி வைப்பது. 1969-இல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தின் சாப்பர்கள் அப்படித்தான். அவற்றின் பின்னால் இருந்த கறுப்பினக் கலைஞர்களான பென் ஹார்டி, கிளிஃப் வாஸ் இருவரின் பெயரும் பல காலம் வெளியே தெரியாமலே இருந்தது. பெரிய அநியாயம்.

★ ஆயில் நிரப்பிய டெலஸ்கோபிக் ஃபோர்க் ஹார்லிக்கு வந்தது 1949-இல். 'ஹைட்ரா கிளைடு' என்ற பெயரே அந்த ஹைட்ராலிக் ஃபோர்க்கால் வந்ததுதான். பி.எம்.டபிள்யூ. 1935-லேயே அதைச் செய்துவிட்டது.

★ முன்பக்கம் 25 மி.மீ. இறங்கினால் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிரும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால், ஹேண்டில் தானாக நேராகத் திரும்பிவரக் காரணமான 'ட்ரெயில்' என்ற அளவு அதனால் ஆறேழு மி.மீ. குறைகிறது. திருப்பங்களில் வண்டி லேசாகத் தெரியும். நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது முன்பு இருந்த அசையாத உறுதி கொஞ்சம் குறையும்.

★ இறக்குவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி ஃபோர்க் குழாயை மேலே ஏற்றுவது. இதில் ஸ்பிரிங் அமுங்கும் தூரம் அப்படியே இருக்கும். ஆனால், முழுக்க அமுங்கும்போது சக்கரம் முன்பைவிட 25 மி.மீ. மேலே வந்து நிற்கும். இன்னொன்று, ஃபோர்க்கின் உள்ளே டேம்பர் ராடில் ஒரு புஷ் சேர்த்து அது முழுக்க நீளாமல் தடுப்பது. இதில் சக்கரம் எங்கும் இடிக்காது. ஆனால், அமுங்கும் தூரம் 25 மி.மீ. பறிபோகும். சில குரூசர்களில் குழாயின் மேல்முனை கிளாம்ப்புக்குள்ளேயே முடிந்துவிடுவதால் முதல் வழிக்கு இடமே கிடையாது.

★ 120 மி.மீ. அமுங்கிய ஃபோர்க் 95 மி.மீ. மட்டுமே அமுங்கி அதே அடியைத் தாங்க வேண்டுமென்றால், ஸ்பிரிங்கின் விறைப்பு சுமார் 1.6 மடங்கு வேண்டும். புஷ் மட்டும் போட்டுப் பழைய ஸ்பிரிங்கையே வைத்தால், பள்ளத்தில் 'டங்' என்று அடிவாங்குவது இதனால்தான்.

★ ஸ்பிரிங்கை வெட்டினால் அது இளகாது, இறுகும்! 50 சுற்றில் 5 சுற்றை வெட்டினால் விறைப்பு சுமார் 11 சதவீதம் கூடும். அதற்காக வெட்டிவிடாதீர்கள். தட்டையாகத் தேய்த்த முனை போய்விட்டால் ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்து குழாயின் உள்சுவரை உரசத் தொடங்கும்.

★ உங்கள் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று அறிய நாலணா பெறாத ஒரு கருவி போதும்: கேபிள் டை. பளபளக்கும் குழாயைச் சுற்றி, நகரும் அளவுக்கு லேசாக இறுக்கி, ஆயில் சீல் வரை தள்ளிவிடுங்கள். வழக்கமான சாலையில் ஒரு சுற்று. இறங்கிப் பார்த்தால், அதிகபட்சம் அமுங்கிய இடத்தில் அது நின்றிருக்கும். கடைசி எல்லை வரை ஏற்கெனவே போயிருந்தால், உங்கள் வண்டிக்கு இறக்குவதற்கு மிச்சமே இல்லை என்று பொருள்.

★ சென்னை ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650-க்குத் தரையிலிருந்து இடைவெளி 135 மி.மீ. இந்தியச் சாலை காங்கிரஸ் சொல்லும் முறைப்படி வேகத்தடை என்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. அதில் இந்த வண்டி ஏறினால் நடு வயிற்றுக்கு எதிராக மேடு எழுவது 17 மி.மீ. மட்டுமே. தட்டவே தட்டாது. அதே 10 செ.மீ. உயரத்தை ஓரடி அகலத்தில் குவித்து வைத்தால் 135-இல் 100 போய்விடும். மீதி 35-இல்தான் நீங்கள் இறக்கியதும், பின்னால் உட்கார்ந்தவரின் எடையும் அடங்க வேண்டும். நம் தெருக்களில் எது அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

★ இரண்டு பக்கமும் இறக்கிய வண்டியில் சைடு ஸ்டாண்டு மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தால், வண்டி இடப்பக்கம் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். பட்டறை வாசலில் அப்படி நின்ற ஒன்று, பக்கத்து வண்டியை எடுத்தவரின் முழங்கை பட்டதுமே வலப்பக்கம் சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். டேங்கில் கையளவு நசுங்கல்.

★ முன்பக்கம் மட்டும் இறக்கினால் ஹெட்லைட் வெளிச்சமும் தரையைப் பார்க்கும். 30 மீட்டரில் அரை மீட்டர் கீழே. ஒரே ஸ்குரூ திருப்பினால் சரியாகிவிடும், மறப்பவர்கள்தான் அதிகம்.

★ குழாயை மேலே ஏற்றினீர்களா? மூடியைப் பூட்டும் முன், ஸ்பிரிங் இல்லாமலே சக்கரத்தைக் கையால் எல்லை வரை மேலே தூக்கிப் பாருங்கள். மட்கார்டு கீழ் கிளாம்ப்பிலோ ரேடியேட்டரிலோ சைலன்சர் வளைவிலோ முட்டுகிறதா? ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்புங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா? ஒரு விரல் நுழையும் இடைவெளியாவது எல்லா இடத்திலும் இருந்தால்தான் ஸ்பிரிங்கை உள்ளே விட வேண்டும்.