கொடுக்கும் குடியிருப்பும்

அற்பமென்று கருதப்படும் உயிரிலும் படைத்தவனின் ஞானம் புலப்படும் என்பது, ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்து 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலை யாத்த அறிஞர் அல்ஜாஹிழ் அவர்களின் கொள்கை. அக்கொள்கைக்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கிள்ளையின் கழிக்கரையே போதும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் ஓதம் வடிந்ததும், சேற்று வளைகளிலிருந்து பிடில் நண்டுகள் வெளிவருகின்றன. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த அஜ்மல் கான் முதலியோர் இக்காட்டு நண்டினங்களை ஆராய்ந்து 2005இல் கட்டுரை வெளியிட்டுள்ளனர். இங்குக் காணப்படும் பிடில் நண்டினங்களுள் ஒன்று ஆஸ்ட்ருக்கா அன்னுலிப்பெஸ்.

பெண் நண்டின் இரு கொடுக்குகளும் சிறியவை. ஆணுக்கோ ஒன்று மிகப் பெரிது. அதனால் உணவு கொள்ள இயலாது. எஞ்சிய சிறு கொடுக்கினால் மட்டுமே ஆண் சேற்றை அள்ளி உண்ண வேண்டும். இச்சுமையைத் தாங்குவதன் நோக்கம் இரண்டு: எதிரியுடன் பொருதல், பெண்ணை அழைத்தல். தன் வளைவாயிலில் நின்று பெருங்கொடுக்கை உயர்த்தித் தாழ்த்தி, ஆண் இடைவிடாது சைகை காட்டும்.

சண்டையில் கொடுக்கை இழந்தால் புதியது முளைக்கும். ஆனால் அது எடை குறைந்தது, வலுவற்றது. இருந்தும் நீளத்தில் குறைவதில்லை. மொசாம்பிக் கடற்கரையில் இவ்வினத்தை ஆராய்ந்தோர், பெண்களால் இப்போலியைப் பிரித்தறிய முடியவில்லை என்று 2000இல் அறிவித்தனர்.

எனில், பெண் ஏமாந்து போகிறதா? இல்லை. கொடுக்கு அழைக்கும், முடிவை வளையே தீர்மானிக்கும். பெண் பல ஆண்களின் வளைகளுள் புகுந்து பார்த்துத் திரும்பும். பொருத்தமான வளை அமைந்த பின்னரே அங்குத் தங்கும். ஆண் வாயிலை அடைக்க, உள்ளே இணைசேர்க்கை நிகழும். பின்னர் ஏறத்தாழ இரு வாரங்கள் பெண் அங்கேயே கருவைச் சுமந்திருக்கும். இடிந்து விழும் வளை முட்டைகளுக்கு அழிவாகும். ஆதலின் தோற்றத்தைவிட உறைவிடமே அதற்கு முதன்மையானது.

காலக்கணக்கும் வியப்புக்குரியது. குஞ்சுகள் பேரோதம் வடியும்போது கடலுக்குச் செல்ல வேண்டும். அந்நாள் தவறாதபடி இணைசேரும் நாள் முன்னரே அமைகிறது.

இவ்வொழுங்கு நீடிக்க ஓதம் தடையின்றி வந்து செல்ல வேண்டும். முற்காலத்தில் பிச்சாவரத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்து காடு கருகியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து வாய்க்கால்கள் வெட்டிய பின்னரே பசுமை மீண்டது. நண்டின் வளைகள் சேற்றுக்குக் காற்றூட்டி மரவேர்களைக் காக்கின்றன. மரங்கள் நண்டுக்கு நிழலும் உணவும் அளிக்கின்றன. இறைவன் வகுத்த இத்தராசின் ஒரு தட்டை மனிதன் அசைத்தால் மறுதட்டும் ஆடும். வாய்க்காலைத் தூர்ந்துபோக விடாமல் காப்பதும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.