31 எப்படி 23 ஆனது?

2020 அக்டோபர், நவம்பரில் தமிழகம் முழுக்க ரத்த மாதிரி எடுத்து நடத்திய செரோ சர்வேயில், நூற்றுக்குச் சுமார் 31 பேரிடம் கரோனாவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. 2021 ஏப்ரலில் மறுபடி எடுத்தார்கள். இடைப்பட்ட மாதங்களிலும் தொற்று ஓயவில்லை, தடுப்பூசியும் வந்துவிட்டது. எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். வந்ததோ 23.

பலரும் குழம்பிப் போனார்கள். சோதனைக் குழாய்க்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இதில் குழப்பமில்லை.

குலுக்கல் முறையில் ஊர்களையும் வார்டுகளையும் தேர்ந்து, ஓரிடத்துக்கு 30 பேர் என்று முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்தார்கள். உறைந்த ரத்தத்தை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும். இளமஞ்சள் சீரம் மேலே தெளிந்து நிற்கும். அதில் தேடுவது வைரஸை அல்ல, வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய புரதத்தை. குறிப்பிட்ட அளவுக் கோட்டைத் தாண்டினால் பாசிட்டிவ். அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தாலும் நெகட்டிவ்தான்.

லேசான காய்ச்சலோடு, சிலருக்கு அதுகூட இல்லாமல், கரோனா வந்துபோயிருக்கும். அவர்களுடைய எதிர்ப்பொருள் சில மாதங்களில் குறைந்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிடலாம். ஆனால் வைரஸை அடையாளம் கண்டுவைத்த நினைவணுக்கள் உடம்பில் தங்கியிருக்கும். இந்தச் சோதனை அவற்றைக் காட்டாது. போதாக்குறைக்கு, இரண்டு முறையும் ரத்தம் கொடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள். நூற்றுக்கு 23 பேருக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்று அதைப் படிக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான தவறுதான் ஆபத்தானது. 2021 டிசம்பர் சர்வேயில் 87 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. அடுத்த மாதமே ஒமைக்ரான் வீடு வீடாகப் புகுந்தது. இரண்டாம் அலை அளவுக்கு உயிர்கள் போகவில்லை என்பதில் அந்த 87-க்குப் பங்கு உண்டு. தொற்றையே அது தடுத்துவிடும் என்று நம்பியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

மாநிலச் சராசரியைவிட மாவட்டக் கணக்கைத்தான் நான் முதலில் தேடுவேன். 2021 ஜூன், ஜூலை சர்வேயில் மாநிலத்துக்கு 66 விழுக்காடு என்று தலைப்புச் செய்தி வந்தது. விருதுநகரில் அது 84, ஈரோட்டில் 37. இரண்டாம் அலை அப்போதுதான் தணிந்திருந்தது, ஊசிக்குத் தட்டுப்பாடு வேறு. தடுப்பூசிப் பெட்டிகள் எந்தப் பக்கம் முதலில் போக வேண்டும் என்று சொன்னது அந்த 37.